நூலகத்தில் ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி: பெட்டியில் தட்டும் சொல் முதல் கையில் கிடைக்கும் பக்கம் வரை

பல்கலைக்கழக நூலகத்தின் தேடல் பெட்டியில் பெரும்பாலோர் முதலில் தட்டுவது தங்கள் ஆய்வுத் தலைப்பை, அதுவும் முழுசாக. சில லட்சம் முடிவுகள் வந்து விழும். இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று கைவிரித்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. நூலகத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை உங்கள் கேள்வியைப் படிப்பதில்லை. தட்டிய சொற்கள் எந்தெந்தப் பதிவில் இருக்கின்றன என்று பார்க்கின்றன, அவ்வளவுதான். கட்டுரையை எழுதியவர் போட்ட சொல்லை நீங்களும் போட்டால் கட்டுரை கிடைக்கும். வேறு சொல்லைப் போட்டால் அது அங்கேயே இருந்தும் உங்கள் கண்ணில் படாது. அதனால் கருவியைப் பழகுவதைவிடச் சொல்லைச் சேர்ப்பதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டோடு போவோம்: வெளியில் அதிக நேரம் கழிக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை குறைவாக வருகிறதா?

தாளும் பேனாவும் முதலில்

கேள்வியை இரண்டு அல்லது மூன்று கருத்துகளாக உடையுங்கள். இங்கே கிட்டப்பார்வை, வெளியில் கழிக்கும் நேரம், பிள்ளைகள் என்று மூன்று. ‘தாக்கம்’, ‘தொடர்பு’, ‘ஆய்வு’, ‘பங்கு’ போன்ற சொற்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஒருவர் ‘தாக்கம்’ என்று எழுதியதை இன்னொருவர் ‘காரணி’ என்று எழுதியிருப்பார். இப்படி ஒரு சொல் கூடும்போதெல்லாம் நல்ல கட்டுரைகள் சில கழன்று போகும்.

ஒவ்வொரு கருத்துக்கும் கீழே, அதே பொருளில் துறைக்காரர்கள் ஆங்கிலத்தில் புழங்கும் சொற்களை எழுதுங்கள். கிட்டப்பார்வைக்கு மயோப்பியா, நியர்சைட்டட்னஸ், ஷார்ட்சைட்டட்னஸ், ரிஃப்ராக்டிவ் எர்ரர். வெளியில் இருப்பதற்கு அவுட்டோர், சன்லைட், டேலைட். பிள்ளைகளுக்கு சைல்ட், ஸ்கூல்சில்ட்ரன், அடோலசன்ட், டீனேஜர். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துக்கூட்டல் இரண்டும் வேண்டும். ‘பிஹேவியர்’ என்ற சொல்லில் ஒரு எழுத்து கூடக் குறைய இருப்பதாலேயே பாதிக் கட்டுரைகள் தவறிப்போவது சாதாரணமாக நடப்பது. பழைய பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நோய்க்கோ கோட்பாட்டுக்கோ 30 ஆண்டுகளுக்கு முன் வேறு பெயர் இருந்திருக்கலாம். அக்காலத்துக் கட்டுரைகள் அந்தப் பெயரில்தான் கிடக்கும்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து வரும்? துறைக் கலைக்களஞ்சியத்தையும் கையேட்டையும் எடுத்து 20 நிமிடம் புரட்டுங்கள். ரெஃபரன்ஸ் பகுதியில் வீட்டுக்குக் கொடுக்காத தடித்த புத்தகங்கள் என்று ஒதுக்கப்படுபவை இந்த வேலைக்குத்தான் இருக்கின்றன. பாடப்புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவும் நல்ல ஊற்று. விக்கிப்பீடியாவில் சொல் பொறுக்குவதிலும் தவறில்லை. மேற்கோள் காட்டுவதற்குத்தான் அது ஆகாது. பிறகு ஏதாவது ஒரு நல்ல கட்டுரை கிடைத்தவுடன், அதன் சுருக்கத்துக்குக் கீழே ஆசிரியர் கொடுத்திருக்கும் திறவுச்சொற்களை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பெட்டியில் எது இருக்கிறது

நூலகத்தின் இணையதளத்தில் தேடல் பெட்டி ஒன்றுக்கு மேல் இருக்கும். எல்லாம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பவை வேறு.

ஓபாக் எனப்படும் நூற்பட்டியலில் நூல்கள், ஆய்வேடுகள், ஆய்விதழ்களின் பெயர்கள் இருக்கும். இதழுக்குள் இருக்கும் கட்டுரைகளின் தலைப்புகள் பொதுவாக அதில் இருக்காது. கட்டுரைத் தலைப்பை ஓபாக்கில் தட்டிவிட்டு ‘நம் நூலகத்தில் இல்லை’ என்று திரும்பிப் போகிறவர்கள் ஏராளம். அங்கே தேட வேண்டியது இதழின் பெயரை. அதேபோல் தொகுப்பு நூலின் ஓர் அத்தியாயம் வேண்டுமென்றால், அத்தியாயத் தலைப்பை விட்டுவிட்டு முழு நூலின் தலைப்பைத் தேடுங்கள்.

முகப்பில் இருக்கும் பெரிய ஒற்றைப் பெட்டி நூல், கட்டுரை, செய்தி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துழாவும். பெயர் தெரிந்த ஒரு கட்டுரையைப் பிடிக்க அது நல்லது. ஒரு தலைப்பை முழுமையாக அலசுவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்: பல பதிப்பகங்கள் பலவிதமாகக் கொடுத்த பதிவுகள் அதில் கலந்து கிடப்பதால், துறைச் சொற்களைக் கொண்டு நுணுக்கமாக வடிகட்ட முடியாது.

முறையான தேடலுக்குத் துறைத் தரவுத்தளம் வேண்டும். மருத்துவத்துக்கும் உயிரியலுக்கும் பப்மெட் (யாருக்கும் இலவசம்), உளவியலுக்கு சைக்இன்ஃபோ, கல்வியியலுக்கு எரிக், பொருளியலுக்கு ஈகான்லிட், மின்னணுவியலுக்கும் கணினியியலுக்கும் ஐஇஇஇ எக்ஸ்ப்ளோர், வேதியியலுக்கு சைஃபைண்டர். துறைகளைத் தாண்டிய தேடலுக்கும், யாரை யார் மேற்கோள் காட்டினார்கள் என்று பார்ப்பதற்கும் ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ். நமது கேள்விக்குப் பப்மெட்டில் தொடங்கலாம். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிதான் வெளியே அனுப்பவோ அனுப்பாமலிருக்கவோ செய்கிறது. எனவே எரிக்கையும் ஒரு முறை பார்ப்பது நல்லது. ஒரே கேள்வி இரண்டு துறைகளில் கால் வைத்திருந்தால் இரண்டிலும் தேடாமல் முடிக்கக் கூடாது.

கூகுள் ஸ்காலர்? தாராளமாகப் பயன்படுத்துங்கள், அதன் எல்லை தெரிந்து. ஒரு தேடலுக்கு 1,000 முடிவுகளுக்கு மேல் காட்டாது. எதைச் சேர்க்கிறது, எதை விடுகிறது என்பதற்குத் தெளிவான பட்டியல் கிடையாது. மாணவர் ஒப்படைப்புகளும் கருத்தரங்கச் சுவரொட்டிகளும் நல்ல கட்டுரைகளுக்கு நடுவே வந்து உட்காரும். அதன் அமைப்புகளில் ‘நூலக இணைப்புகள்’ என்ற இடத்தில் உங்கள் நூலகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகம் சந்தா கட்டிய கட்டுரைகளுக்குப் பக்கத்தில் நேர் இணைப்பு தோன்றும். இதைச் செய்யாமலே ஆண்டுக்கணக்கில் ஸ்காலர் பார்ப்பவர்கள் உண்டு.

சொற்களைக் கோப்பது

ஒரே கருத்துக்கான மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (அல்லது) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். வெவ்வேறு கருத்துகளை ‘ஆண்ட்’ (மற்றும்) போட்டு இணையுங்கள்.

(மயோப்பியா ஆர் நியர்சைட்டட்னஸ்) ஆண்ட் (அவுட்டோர்* ஆர் சன்லைட்) ஆண்ட் (சைல்ட்* ஆர் அடோலசன்*)

தட்டும்போது எல்லாம் ஆங்கிலத்தில். இணைப்புச் சொற்கள் மட்டும் பெரிய எழுத்தில். சிறிய எழுத்தில் போட்டால் பப்மெட் அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது.

அடைப்புக்குறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். பப்மெட் இடமிருந்து வலமாகப் போகும். வெப் ஆஃப் சயின்ஸ் ‘ஆண்ட்’டை முதலில் முடித்துவிட்டு ‘ஆர்’க்கு வரும். ஸ்கோபஸ் ‘ஆர்’ஐ முதலில் முடிக்கும். ஒரே வரியை மூன்றிலும் ஒட்டினால் மூன்று வேறு தேடல்கள் நடக்கும், உங்களுக்கு எந்த எச்சரிக்கையும் வராது. அடைப்புக்குறி போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

சொல்லின் வேருக்குப் பின் உடுக்குறி (*) போட்டால் அதன் வடிவங்கள் எல்லாம் வரும். சைல்ட்* என்றால் சில்ட்ரன், சைல்ட்ஹுட் வரும். பிரசவத்தைக் குறிக்கும் சைல்ட்பர்த்தும் கூடவே வரும். வேரை எங்கே வெட்டுகிறோம் என்பதில் கவனம் தேவை: பூனையைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பின் உடுக்குறி போட்டால் கேட்டலாக், கேட்டகரி எல்லாம் கொட்டும். பப்மெட்டில் உடுக்குறிக்கு முன் குறைந்தது 4 எழுத்துகள் இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. சாதாரணமாக நீங்கள் தட்டிய சொல்லைப் பப்மெட் தானாகவே தன் துறைத் தலைப்புகளோடு (இவை பற்றிக் கீழே) பொருத்திப் பார்க்கும். உடுக்குறி போட்ட சொல்லுக்கு அந்த உதவி நின்றுவிடும். கூகுள் ஸ்காலரில் உடுக்குறி இந்த வேலையைச் செய்யாது.

தொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் வைத்தால் சொற்கள் அதே வரிசையில் தேடப்படும். அது சில நேரம் இறுக்கிவிடும். ‘டைம் அவுட்டோர்ஸ்’ என்று தேடினால் ‘டைம் ஸ்பென்ட் அவுட்டோர்ஸ்’ தப்பிவிடும். இரண்டு சொற்களும் இத்தனை சொற்களுக்குள் அருகருகே வர வேண்டும் என்று சொல்லும் குறி இதற்கு உதவும். பல தரவுத்தளங்களைத் தரும் எப்ஸ்கோ தளத்தில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தோடு 5, வெப் ஆஃப் சயின்ஸில் ‘நியர்’ சாய்கோடு 5, ஸ்கோபஸில் டபிள்யூ சாய்கோடு 5. ஒவ்வொன்றின் உதவிப் பக்கத்தையும் 2 நிமிடம் பார்த்துவிட்டுத் தொடங்குவது லாபம்.

‘நாட்’ என்ற சொல்லில் கை வைக்கத் தயங்குங்கள். பெரியவர்களைப் பற்றிய கட்டுரைகள் வேண்டாம் என்று ‘நாட் அடல்ட்’ போட்டால், பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒப்பிட்ட கட்டுரையும் சேர்ந்து வெளியே போய்விடும். பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியதே அதுவாக இருக்கும்.

இனி துறைத் தலைப்புகள். இது தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்கும் தேடலில் பெரிய வேறுபாடு தெரியும். பப்மெட்டின் மெஷ் போன்ற கட்டுப்பாட்டுச் சொற்தொகுதியில், கட்டுரை ஆசிரியர் எந்தச் சொல் போட்டிருந்தாலும் ஒரு பொருளுக்கு ஒரே தலைப்பு. நியர்சைட்டட்னஸ் என்று எழுதப்பட்ட கட்டுரைக்கும் ‘மயோப்பியா’ என்ற தலைப்பு ஒட்டப்படும். தலைப்புகள் மரம்போல அமைந்தவை: மேல்கிளையைத் தேடினால் கீழ்க்கிளைகளும் தாமாக வரும். ஒவ்வொரு தலைப்புக்கும் வரையறை உண்டு; அதைப் படிக்காமல் பயன்படுத்தினால் ஏமாறுவீர்கள். மெஷ்ஷில் ‘சைல்ட்’ என்றால் 6 முதல் 12 வயது. 13 முதல் 18 வரை ‘அடோலசன்ட்’ என்று தனித் தலைப்பு. கிட்டப்பார்வை வேகமாக ஏறும் வயது இரண்டிலும் பரவியிருப்பதால் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

தலைப்பை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பப்மெட்டில் உள்ள எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் கிடையாது. எனவே துறைத் தலைப்பையும், தலைப்பு–சுருக்கம் ஆகிய பகுதிகளில் தேடும் சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ போட்டு ஒரே அடைப்புக்குறிக்குள் வையுங்கள்.

முடிவுகள் அதிகம், அல்லது ஒன்றுமில்லை

ஒரு பட்டப்படிப்பு ஆய்வேட்டுக்கு 50 முதல் 300 முடிவுகள் கண்ணால் பார்த்துக் கழிக்கக்கூடிய அளவு. ஆயிரக்கணக்கில் வந்தால் முதலில் தேடலைத் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் மட்டும் கட்டுப்படுத்துங்கள். பல தரவுத்தளங்கள் முழு உரையையும் துழாவுவதால்தான் எங்கோ அடிக்குறிப்பில் ஒரு முறை வந்த சொல்லுக்கெல்லாம் முடிவு காட்டுகின்றன. அதற்கும் அடங்காவிட்டால் இன்னொரு கருத்தை ‘ஆண்ட்’ போட்டுச் சேருங்கள். ஆண்டு வரம்பைக் கடைசியில் வையுங்கள். காரணமின்றி ‘கடைசி 5 ஆண்டு’ என்று வெட்டினால் துறையின் அடிப்படைக் கட்டுரைகள் போய்விடும்.

ஒன்றுமே வராவிட்டால் எழுத்துப்பிழையைப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கருத்தையும் தனித்தனியாகத் தேடி எது பூஜ்யம் தருகிறது என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு அடைப்புக்குறிதான் குற்றவாளி.

பக்கத்தில் இருக்கும் வடிகட்டிகளில் இரண்டு ஏமாற்றுபவை. ‘முழு உரை மட்டும்’ என்பதைத் தட்டினால், அந்தத் தரவுத்தளத்தில் இல்லாமல் உங்கள் நூலகம் வேறு வழியில் வாங்கி வைத்திருக்கும் கட்டுரைகள் மறைந்துவிடும். ‘சக வல்லுநர் மதிப்பாய்வு’ என்பது பல இடங்களில் இதழுக்கான முத்திரை. அப்படிப்பட்ட இதழில் வரும் தலையங்கம், நூல் மதிப்புரை, வாசகர் கடிதம் ஆகியவை மதிப்பாய்வுக்குப் போனவை அல்ல, ஆனாலும் வடிகட்டியைத் தாண்டி வரும். முறையும் முடிவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கட்டுரையைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

ஒரு கட்டுரையிலிருந்து பத்துக்கு

நல்ல கட்டுரை ஒன்று சிக்கினால் தேடல் பெட்டியைச் சிறிது நேரம் மறந்துவிடலாம். சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் பிள்ளைகளைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே இருக்கவைத்து 3 ஆண்டுகள் கவனித்த சோதனை ஒன்று 2015-இல் ஜாமா இதழில் வந்தது. அதன் துணைநூற்பட்டியலைப் பார்த்தால் 2015-க்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்பது கிடைக்கும். ஸ்கோபஸிலோ ஸ்காலரிலோ ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பைத் தட்டினால் அதற்குப் பின் நடந்தது எல்லாம் கிடைக்கும். அந்த எண்ணிக்கை பெரிதாக இருந்தால், மேற்கோள் காட்டியவற்றுக்குள்ளேயே ஒரு சொல்லைப் போட்டுத் தேடும் வசதி இரண்டிலும் உண்டு. தொடக்கக் கட்டுரையாக, முறைசார் மீளாய்வு (ஒரு கேள்விக்கான ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுத்த கட்டுரை) ஒன்றைப் பிடிப்பது இன்னும் நல்லது. அதன் ஆசிரியர்கள் தாங்கள் தட்டிய தேடல் வரியையே இணைப்பில் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம்.

ஆசிரியர் பெயரை வைத்துத் தேடுவதில் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. முன்னெழுத்து எங்கே, குடும்பப் பெயர் எது என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. ஒரே ஆள் தந்தை பெயரில் ஓரிடத்திலும் சொந்தப் பெயரில் இன்னோரிடத்திலும் பதிவாகியிருப்பார். இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஆர்கிட் எண் இருந்தால் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண், 16 இலக்கம், 2012 முதல் வழங்கப்படுகிறது) அதுவே நம்பகமானது.

தமிழ் நூல்களை வெளிநாட்டு நூலகப் பட்டியல்களில் தேடும்போது ரோமன் எழுத்துப்பெயர்ப்பு இடறும். அவை பரவலாகப் பின்பற்றும் முறையில் ழகரம், எல் எழுத்தின் கீழ் கோடிட்டு எழுதப்படும். நாம் பழக்கத்தில் தட்டும் இஸட்-எச் அங்கே பலிக்காது. கோடு, புள்ளிகளை விட்டுவிட்டு வெறும் எல் போட்டுப் பாருங்கள். தமிழ் எழுத்திலும் ஒரு முறை தேடுங்கள், புதிய பதிவுகளில் அது இருக்க வாய்ப்புண்டு.

முழு உரையைக் கையில் வாங்குவது

பதிப்பகத்தின் தளத்தில் பணம் கேட்டால் கட்டாதீர்கள். நூலகத்துக்கு வெளியிலிருந்து நேராக உள்ளே போயிருப்பீர்கள், அதனால் சந்தாதாரர் என்று தளத்துக்குத் தெரியாது. நூலகப் பக்கத்துக்குத் திரும்பி, வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழைவதற்கான உள்நுழைவு வழியாக வாருங்கள். தரவுத்தளப் பதிவில் ‘முழு உரையைக் கண்டுபிடி’ என்பது போன்ற பொத்தான் இருக்கும். அது நூலகம் சந்தா கட்டிய வேறு தளங்களிலும் தேடிப் பார்க்கும்.

பொத்தான் கைவிட்டாலும் முடிந்துவிடவில்லை. நூலகத்தின் இதழ்ப் பட்டியலில் இதழின் பெயரைப் போட்டு, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். ஆய்விதழ்களின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் பல இதழ்களின் கடைசி 3 முதல் 5 ஆண்டு இதழ்கள் இருக்காது. அதே இதழின் புதியவை வேறு தளத்தில் இருக்கலாம். கட்டுரைக்கு டிஓஐ எண் இருந்தால் (கட்டுரையின் நிலையான அடையாள எண், 10 என்று தொடங்கி ஒரு புள்ளியோடு போகும்) அதை டிஓஐ தளத்தின் பெட்டியில் ஒட்டினால் கட்டுரையின் நிலையான பக்கத்துக்குப் போய்ச் சேரலாம். அன்பேவால் என்ற உலாவி நீட்சி, சட்டப்படி இலவசமாக வைக்கப்பட்ட பிரதி எங்காவது இருந்தால் காட்டும். அப்படிக் கிடைப்பது பல நேரம் அச்சுக்கு முந்தைய கையெழுத்துப் பிரதி. பக்க எண் மாறும். சில நேரம் அட்டவணையில் எண்ணும் மாறும். மேற்கோள் காட்டுமுன் வெளியான வடிவத்தோடு ஒப்பிட வேண்டும்.

எதுவும் பலிக்காவிட்டால் நூலகங்களுக்கிடையிலான கடன் சேவை. ஆசிரியர், கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு, தொகுதி, இதழ் எண், பக்கங்கள், டிஓஐ ஆகியவற்றைக் கொடுத்தால் வேறு நூலகத்திலிருந்து நகல் வாங்கித் தருவார்கள். கோரிக்கை தள்ளிப்போவதற்கு முக்கியக் காரணம் முழுமையில்லாத விவரம்.

அச்சு நூலுக்கு அடுக்குக்குப் போக வேண்டும். கால் நம்பரை (நூல் அடுக்கில் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்) முழுதாக எழுதிக்கொண்டு போங்கள், முதல் மூன்று இலக்கத்தை மட்டும் அல்ல. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிடும் டியூயி முறையில் 617.7 கண் மருத்துவம், 617.75 பார்வையின் ஒளிவிலகல் கோளாறுகள், 617.8 செவி. புள்ளிக்குப் பின் வருவது தசமம் என்பதால் 617.75, 617.8-க்கு முன்னால்தான் நிற்கும். ‘75 பெரிய எண்ணாயிற்றே’ என்று தள்ளிப்போய்த் தேடுவது வழக்கமான தவறு. நூல் கிடைத்ததும் அதற்கு இடமும் வலமுமாக ஒரு கை நீளம் பாருங்கள். ஒரே பொருள் பற்றியவை பக்கத்தில்தான் இருக்கும், தேடல் சொல்லில் சிக்காதவையும்.

நம்பலாமா

இதழின் பெயரை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். எத்தனை பேரை, எவ்வளவு காலம், எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்பதே முதல் கேள்வி. பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையும், பெற்றோரிடம் படிவம் கொடுத்து வாங்கிய பதிலும் ஒரே எடை உள்ளவை அல்ல. முன்பதிப்புத் தளங்களான ஆர்க்சைவ் (1991), மெட்ஆர்க்சைவ் (2019) ஆகியவற்றில் உள்ளவை வல்லுநர் மதிப்பாய்வுக்கு முந்தையவை. பயன்படுத்தினால் அப்படியே குறிப்பிடுங்கள்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு 1998-இல் தி லான்செட்டில் வந்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2010-இல். இடைப்பட்ட காலத்து நகல் ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு அதில் எந்த முத்திரையும் தெரியாது. எனவே சேமித்த பிடிஎஃப்பை நம்பாமல் பதிப்பகப் பக்கத்தையோ பப்மெட் பதிவையோ ஒரு முறை திறந்து பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்திலும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

உரையாடல் செயலிகள் எழுதித்தரும் மேற்கோள் பட்டியலில் இல்லாத கட்டுரைகள் வரும். உண்மையான ஆசிரியர், உண்மையான இதழ், நம்பும்படியான தலைப்பு எல்லாம் இருக்கும். கட்டுரை மட்டும் இருக்காது. டிஓஐயை ஒட்டிப் பாருங்கள். அது வேறு கட்டுரைக்குப் போனாலோ எங்கும் போகாவிட்டாலோ, அந்த இதழின் அந்தத் தொகுதிப் பொருளடக்கத்தைத் திறந்து அந்தப் பக்க எண்ணில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். சொல் பொறுக்குவதற்கு அந்தச் செயலிகள் உதவும். மேற்கோளுக்கு அவற்றை நம்ப முடியாது.

பதிவேடு

தேதி, தரவுத்தளம், தட்டிய வரி அப்படியே, வைத்த வரம்புகள், வந்த எண்ணிக்கை, எடுத்தவை என்று ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து ‘இதைத் தேடினோமா?’ என்ற குழப்பம் வராது. முறைசார் மீளாய்வு எழுதுபவர்களுக்கு இது கட்டாயமும்கூட. கட்டுரைகளைச் சேர்த்துவைக்க ஸோட்டெரோ போதும், இலவசம். உலாவியிலிருந்து ஒரே தட்டில் விவரங்களை இழுத்துக்கொள்ளும். ஆனால் இழுத்தது எல்லாம் சரியாக இருக்காது: தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில் வரும், முன்னெழுத்து குடும்பப் பெயராகிவிடும், பக்க எண் விடுபடும். சேர்த்த அன்றே திருத்துங்கள். 80 கட்டுரைகளை ஒப்படைப்புக்கு முந்தின இரவில் திருத்துவது தண்டனை.

இரண்டு மணி நேரம் ஆகியும் நகராவிட்டால் நூலகரிடம் போங்கள், இந்த அட்டவணையோடு. ‘என் தலைப்புக்குக் கட்டுரை வேண்டும்’ என்று கேட்பதைவிட, ‘இந்த வரியை இங்கே தட்டினேன், இத்தனை வந்தது, இந்த மாதிரியானவை வரவில்லை’ என்று காட்டினால், அவர் எந்தத் துறைத் தலைப்பு விடுபட்டது என்பதைச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

எப்போது நிறுத்துவது? வேறு தரவுத்தளத்தில் தேடியும், வேறு சொல் போட்டும், ஏற்கெனவே சேர்த்த கட்டுரைகளே திரும்பத் திரும்ப வந்தால் போதும். நல்ல தேடல் வரியைத் தரவுத்தளத்தில் உங்கள் கணக்கில் சேமித்து, புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சல் வரும்படி எச்சரிக்கை வைத்துவிடுங்கள். வாரம் ஒரு முறை என்று வைத்தால் போதும். தினமும் என்று வைத்தால் இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் திறப்பதில்லை.